குர்ஆனின் அரபியும் தெருவின் அரபியும்: எதை, எந்த வரிசையில், எப்படிக் கற்பது?

துபாயில் பல வருடம் வேலை பார்த்து, கடையிலும் சைட்டிலும் சரளமாக அரபி பேசுகிறவரிடம் குர்ஆனின் ஒரு வசனத்தைக் காட்டினால் பெரும்பாலும் பொருள் சொல்ல வராது. மதரஸாவில் ஏழு வருடம் ஓதி ஆலிம் பட்டம் வாங்கியவர் ஜித்தாவில் டாக்சி ஏறினால், ஓட்டுநர் கேட்பது முதல் தடவையில் பிடிபடாது. இருவரும் அரபி கற்றவர்கள்தான். கற்றது வேறு வேறு அரபி.

அதனால்தான் "அரபி படிக்கணும், எங்கிருந்து தொடங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் "எந்த அரபி?" என்று நான் திருப்பிக் கேட்பது வழக்கம். குர்ஆனின் மொழி மட்டும்தான் அரபி, மற்றதெல்லாம் கெட்டுப்போன கொச்சை என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் உண்டு. பேச்சு வந்துவிட்டால் போதும், குர்ஆன் தானாகப் புரியும் என்கிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. இரண்டும் படிக்கிறவர்களின் வருடங்களைத் தின்றுவிடுகின்றன. மதநூல்களின் மொழியை அதற்குரிய முறையில் தனியாகத்தான் கற்க வேண்டும். ஆனால் பேச்சு வழக்குகளும் அதே பழைய நிலத்தில் முளைத்தவைதான். அந்த உறவைத் தெரிந்துகொண்டால் ஒன்று மற்றொன்றுக்குத் துணை நிற்கும். அதற்கான வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: இலக்கை முடிவு செய்யுங்கள்

நாம் "வந்துகொண்டிருக்கிறான்" என்று எழுதி, "வந்துக்கிட்டிருக்கான்" என்று பேசுகிறோம். அரபு நாடுகளிலும் இதே பிளவுதான், ஆனால் இன்னும் ஆழமானது. எழுத்து, மேடை, செய்தி, வழிபாடு எல்லாவற்றுக்கும் ஃபுஸ்ஹா. வீட்டுக்கும் தெருவுக்கும் ஆம்மிய்யா. மொராக்கோ பக்கம் இந்தப் பேச்சு வழக்கை தாரிஜா என்பார்கள். அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-ல் இந்த இரட்டை வழக்கைப் பற்றி எழுதியபோது உதாரணமாக எடுத்த நான்கு மொழிகளில் அரபி ஒன்று. பின்னால் வந்த ஆய்வாளர்கள் தமிழையும் அந்த வரிசையில் சேர்த்தார்கள். ஆகவே, ஒரே மொழியில் இரண்டு வழக்குகளோடு வாழ்வது நமக்குப் புதிதல்ல.

உண்மையில் அங்கே இரண்டோடு நிற்பதும் இல்லை. எகிப்து அறிஞர் அஸ்ஸயீத் பதவி 1973-ல் தன் நாட்டு அரபியை ஐந்து அடுக்குகளாகப் பிரித்துக் காட்டினார்: மரபு ஃபுஸ்ஹா, இக்கால ஃபுஸ்ஹா, உயர்கல்வி பெற்றவர்களின் பேச்சு, ஓரளவு படித்தவர்களின் பேச்சு, எழுத்தறியாதவர்களின் பேச்சு. கெய்ரோக்காரர் ஒருவர் ஒரே வெள்ளிக்கிழமையில் ஜும்ஆ குத்பாவில், அதாவது வெள்ளித் தொழுகை உரையில், முதல் அடுக்கைக் கேட்டு, பேப்பரில் இரண்டாவதைப் படித்து, காய்கறி பேரத்தில் கடைசிக்கு இறங்கிவிடுவார்.

உங்கள் இலக்கு குர்ஆனும் ஹதீஸும் (நபிமொழிகள்) என்றால் ஃபுஸ்ஹாவில் தொடங்குங்கள். பேச்சு வழக்கைக் குறைந்தது ஒரு வருடத்துக்குத் தள்ளிப்போடுங்கள். இலக்கு வளைகுடாவில் வேலையும் பேச்சும் என்றால், எழுத்துகளைக் கற்ற கையோடு அந்த ஊர் வழக்குக்குப் போகலாம். இரண்டும் வேண்டும், ஆள் இருப்பது ரியாத்திலோ குவைத்திலோ என்றால், பாடமாக ஃபுஸ்ஹாவைப் படியுங்கள், தெருவில் காதைத் திறந்து வையுங்கள். அங்கே இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் படி: எழுத்தும் ஒலியும்

தமிழ் எழுத்தில் எழுதிய அரபியை வைத்துக் கற்கவே கற்காதீர்கள். காரணத்தை ஒரே சொல்லில் காட்டுகிறேன். அரபியில் காஃப் என்ற பெயரில் நாம் எழுதக்கூடிய எழுத்துகள் இரண்டு. ஒன்று நம் க போல நாக்கின் பின்பகுதியில் பிறப்பது. மற்றது அதற்கும் பின்னால், உள்நாக்கை ஒட்டி அடியிலிருந்து வருவது. ஆழ்ந்த காஃப் போட்டால் கல்பு என்பது இதயம். சாதாரண காஃப் போட்டால் அதே கல்பு நாய். தமிழில் இரண்டையும் ஒன்றுபோலத்தான் எழுத முடிகிறது. துஆவில், அதாவது பிரார்த்தனையில், எந்தச் சொல்லைச் சொல்கிறோம் என்பது நாக்கின் இடத்தைப் பொறுத்தது.

நம்மவர்களுக்குச் சிரமம் தருபவை: தொண்டை நடுவில் பிறக்கும் ஐன், அதே இடத்து ஹா, கனத்த ஸாத், தா, ளாத், ழா, பிறகு நாக்கு நுனியைப் பல்லுக்கு இடையில் வைக்கும் ஸா, தால். ளாத் என்ற எழுத்துக்கு நம் முன்னோர் ளகரத்தைத் தேர்ந்தெடுத்ததால்தான் ரமளான், வுளூ என்று எழுதுகிறோம். பாரசீக, உருது வழியில் வந்தவர்கள் அதையே ரம்ஜான் என்றார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கை என்று பல ஊர்களில் புழங்கிய அர்வி என்ற அரபுத் தமிழும் இந்தச் சிக்கலுக்கு ஒரு விடைதான். தமிழையே அரபு எழுத்தில் எழுதினார்கள், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புது எழுத்துகளை உண்டாக்கினார்கள். அப்படி எழுதியபோது அரபுச் சொற்கள் தம் எழுத்துச் சேதாரமில்லாமல் அப்படியே நின்றன. எத்தனை நுட்பமான ஏற்பாடு! அது வழக்கொழிந்துபோனதில் எனக்கு உண்மையான வருத்தம் உண்டு.

இந்தப் படியில் செய்ய வேண்டியது எளிது. தஜ்வீத், அதாவது குர்ஆனைச் சரியாக ஓதும் முறை, தெரிந்த ஒருவரிடம் நேரில் உட்கார்ந்து மக்ரஜ், அதாவது ஒவ்வொரு ஒலியும் பிறக்கும் இடத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். செயலிகளால் உங்கள் நாக்கைத் திருத்த முடியாது. கேட்பதற்கு எகிப்தின் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரி (1917–1980) ஓதிய பதிவுகள். முழுக் குர்ஆனையும் தர்தீல் என்ற நிதானமான ஓதலில் முதன்முதலில் பதிவு செய்தவர் அவர்தான். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் காதில் விழும். கவனித்தீர்களானால் ஒன்று தெரியும். கெய்ரோக்காரர்கள் பேச்சில் ஜீம் எழுத்தை "அங்கே" என்பதில் வரும் க போல ஒலிப்பார்கள். ஓதும்போது யாரும் அப்படிச் செய்வதில்லை, சுத்தமான ஜ தான். அரபுக் குழந்தைகளும் குர்ஆனின் ஒலியைத் தனியாகப் பயில்கிறார்கள் என்பதற்கு இது போதும்.

இன்னொன்று. நம் ஊரில் பெரும்பாலும் கிடைக்கும் குர்ஆன் பிரதிகள் இந்திய, பாகிஸ்தானிய எழுத்துமுறையில் அச்சானவை. அ, இ, உ குறிகளை ஜபர், ஜேர், பேஷ் என்று படித்தவர்களுக்கு அதுதான் பழக்கம். மதீனாவின் மன்னர் ஃபஹத் அச்சகத்துப் பிரதிகளில் உயிரொலி இல்லை என்று காட்டும் சுகூனின் வடிவம், நெடிலைக் காட்டும் முறை, நிறுத்தக் குறிகள் எல்லாம் கொஞ்சம் மாறியிருக்கும். எழுத்து ஒன்றுதான், குறியீடுதான் வேறு. ஏதாவது ஒன்றை எடுத்து அதிலேயே தொடருங்கள். மனப்பாடம் செய்பவர்கள் இடையில் பிரதியை மாற்றினால் பக்கத்தின் உருவமே மனதில் கலைந்துவிடும்.

மூன்றாம் படி: குர்ஆனுக்குள்ளேயே பழைய வழக்குகள் உண்டு என்று அறியுங்கள்

இதை இலக்கணத்துக்கு முன்னால் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இது தெரியாதவர்கள்தான் பிறகு வட்டார வழக்குகளை ஏளனமாகப் பார்க்கிறார்கள்.

குர்ஆன் அருளப்பட்ட 7-ம் நூற்றாண்டில் அரபியருக்கு ஒரே பேச்சு இருக்கவில்லை. மேற்கே ஹிஜாஸ் மக்களின் பேச்சு, கிழக்கே தமீம் போன்ற குலங்களின் பேச்சு, தெற்கே யமன் பேச்சு. கலீஃபா உஸ்மான் குர்ஆனைப் பிரதியெடுக்கக் குழு அமைத்தபோது, கருத்து வேறுபட்டால் நபியின் குலமான குறைஷியரின் மொழியில் எழுதுங்கள் என்று சொன்னதாக புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. அதாவது வட்டார வேறுபாடு பற்றிய பேச்சு அன்றைக்கே எழுந்துவிட்டது.

சூரா யூசுஃபில், அதாவது யூசுஃப் அத்தியாயத்தில் (12:31), அழகான யூசுஃபைப் பார்த்து வியந்த பெண்கள் "மா ஹாதா பஷரன்" என்கிறார்கள். "இவர் மனிதரே அல்ல" என்று பொருள். பஷரன் என்ற ஈறு ஹிஜாஸ் வழக்கு. தமீம் மக்கள் அதே இடத்தில் பஷருன் என்பார்கள். 8-ம் நூற்றாண்டின் இறுதியில் மறைந்த பெரும் இலக்கணி சீபவைஹி இதே வசனத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வழக்குகளையும் பேசுகிறார். எதையும் அவர் பிழை என்று தள்ளவில்லை.

இனி ஓதல் முறைகள், அதாவது பழைய ஓதல் ஆசிரியர்கள் வழியாக வந்த உச்சரிப்பு முறைகள். நாம் ஓதுவது ஆஸிமிடமிருந்து ஹஃப்ஸ் அறிவித்த முறை. உலகில் மிகப் பரவலாக இருப்பது இதுதான். ஆனால் மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் நாஃபியிடமிருந்து வர்ஷ் அறிவித்த முறை, லிபியாவில் காலூன் முறை. 936-ல் மறைந்த இப்னு முஜாஹித் ஏழு ஓதல்களை வகுத்தார். 1429-ல் மறைந்த இப்னுல் ஜஸரி மேலும் மூன்றைச் சேர்த்து, பத்தும் நிலைபெற்றன. இவற்றுக்கு இடையே பல வேறுபாடுகள் ஒலிப்பில்தான் இருக்கின்றன. ஹஃப்ஸ் முறையில் ஓநாய்க்கு தி’பு, கிணற்றுக்கு பி’ரு. நடுவில் இருக்கும் சிறு வெட்டுதான் ஹம்ஸா. வர்ஷ் முறையில் அந்த வெட்டு கரைந்து தீபு, பீரு என்று நீளும். இப்போது வளைகுடாவில் பாலைவனத்து நாடோடியான ஒரு பதூவியிடம் ஓநாய்க்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தீப் என்பார், கிணற்றுக்கு பீர் என்பார். அவர் பேச்சைக் கெட்டுப்போன அரபி என்று சொல்வதற்கு முன்னால், அதே உச்சரிப்பில் குர்ஆன் ஓதப்படுவதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஹதீஸிலும் இப்படி ஒன்று உண்டு. "பயணத்தில் நோன்பு நோற்பது நன்மையில் சேர்ந்ததல்ல" என்ற நபிமொழி புகாரியில் வழக்கமான அரபியில் இருக்கிறது. இமாம் அஹ்மதின் முஸ்னதில் வரும் ஓர் அறிவிப்பில் மட்டும் அல் என்று வரவேண்டிய இடங்களில் எல்லாம் அம் என்று வருகிறது: அம்பிர், அம்ஸியாம், அம்ஸஃபர். அது யமன் பக்கத்துப் பேச்சு. யமனின் திஹாமா கடலோரத்தில் இந்த அம் இன்றும் மக்கள் வாயில் இருக்கிறது.

நான்காம் படி: வேரைப் பிடியுங்கள்

அரபிச் சொற்களில் பெரும்பாலானவை மூன்று மெய்களால் ஆன வேரில் நிற்கின்றன. ஐன், லாம், மீம் மூன்றும் சேர்ந்தால் அறிவு என்ற கரு. அதிலிருந்து இல்ம் (அறிவு), ஆலிம் (அறிந்தவர்), மஃலூம் (அறியப்பட்டது), தஃலீம் (கற்பித்தல்), முஅல்லிம் (கற்பிப்பவர்). இந்த வார்ப்புகளைக் கற்பதுதான் ஸர்ஃப். வினைச்சொல்லுக்குப் பத்து வார்ப்புகள் முக்கியம். அவற்றை ஒரு மாதம் சலிக்காமல் எழுதிப் பழகினால், பிறகு அகராதியில் பாதி வேலை குறையும்.

முஸ்லிம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நிய்யத், அமல், துன்யா, தவ்பா, ரூஹு, நஃப்ஸு, ரிஸ்க், பரக்கத் என்று ஒரு பெரிய கையிருப்பு ஏற்கனவே இருக்கிறது. மற்றவர்களுக்கும் இருக்கிறது, அவர்கள் கவனித்ததில்லை, அவ்வளவுதான். வக்கீல், வாரிசு, பாக்கி, ஆஜர் நான்கும் ஆட்சி நிர்வாகத்தோடு பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்த அரபிச் சொற்கள். நான்குமே குர்ஆனில் இருப்பவை. "நிஃமல் வகீல்" (3:173), அதாவது பொறுப்பேற்பவர்களில் மிகச் சிறந்தவன். "அல்வாரிஸூன்" (23:10), சொர்க்கத்தின் வாரிசுகள். "அல்பாகியாத்" (18:46), எஞ்சி நிற்கும் நற்செயல்கள். "வவஜதூ மா அமிலூ ஹாளிரன்" (18:49), தாங்கள் செய்ததெல்லாம் அங்கே ஆஜராகியிருக்கக் காண்பார்கள். கெய்ரோவிலும் வளைகுடாவிலும் ஒரு வேலை சொன்னால் "ஹாளிர்" என்று பதில் வரும், "இதோ செய்கிறேன்" என்ற பொருளில். ஒரு நோட்டை எடுத்து இப்படித் தெரிந்த சொற்களை வேரோடு எழுதத் தொடங்குங்கள். நூறைத் தாண்டும்.

ஐந்தாம் படி: இஃராப், அதாவது சொல்லின் ஈறு

ஆங்கில வழியில் அரபி கற்பவர்கள் திணறும் இடம் இது. தமிழர்கள் திணற வேண்டியதில்லை. நமக்கு வேற்றுமை உருபு உண்டு. "ராமனைக் கண்ணன் அடித்தான்" என்பதில் சொல்லை எப்படி மாற்றிப் போட்டாலும் அடி வாங்கியவர் ராமன்தான், ஐ உருபு காப்பாற்றுகிறது. குர்ஆனின் அரபியில் அந்த வேலையைச் சொல்லின் கடைசி உயிரொலி செய்கிறது. எழுவாய்க்கு உ, செயப்படுபொருளுக்கு அ, முன்னிடைச்சொல்லை அடுத்து வருவதற்கும் உடைமைக்கும் இ.

சூரா ஃபாத்திரில் (35:28) "இன்னமா யக்‌ஷல்லாஹ மின் இபாதிஹில் உலமாஉ" என்று வருகிறது. சொல் வரிசை: அஞ்சுகிறார், அல்லாஹ்வை, அவன் அடியார்களில், அறிஞர்கள். அல்லாஹ என்ற சொல்லின் ஈற்று அகரம் அது செயப்படுபொருள் என்கிறது. உலமாஉ என்ற உகரம் அஞ்சுகிறவர்கள் அறிஞர்கள் என்கிறது. இரண்டு ஈறுகளையும் இடம் மாற்றிவிட்டால் அல்லாஹ் அறிஞர்களை அஞ்சுவதாகப் பொருள் தலைகீழாகும். ஒரு குறில் ஒலியில் நிற்கிறது இத்தனை பெரிய பொருள். இப்படிப்பட்ட பிழைகளைக் கண்டு பயந்துதான் 688-ல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலி உயிரொலிகளைப் புள்ளிகளால் குறிக்கத் தொடங்கினார் என்று மரபு சொல்கிறது. இன்று நாம் காணும் குறியீடுகளை வடிவமைத்தவர் அடுத்த நூற்றாண்டின் கலீல் இப்னு அஹ்மத், சீபவைஹியின் ஆசிரியர்.

பேச்சு வழக்குகள் இந்த ஈறுகளை விட்டுவிட்டன. அதனால்தான் பேச்சை மட்டும் தெரிந்தவருக்கு இந்த வசனத்தில் யார் யாரை என்பது குழம்புகிறது. அவருக்குப் பழக்கமான வரிசையில் முதலில் வருகிறவர்தான் எழுவாய்.

எதை வைத்துப் படிப்பது? நம் மதரஸாக்களின் பழைய பாதையில் இப்னு ஆஜுர்ரூமின் சிறு இலக்கண நூலான ஆஜுர்ரூமிய்யா உண்டு. ஃபெஸ் நகரத்தவரான அவர் 1323-ல் மறைந்தார். நல்ல நூல்தான், ஆனால் உஸ்தாத் (ஆசிரியர்) இல்லாமல் படிக்க முடியாது. தனியாகப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்வது மதீனா புத்தகங்கள் என்று உலகம் முழுவதும் அறியப்பட்ட மூன்று பாகப் பாடநூல். "ஹாதா பைத்துன்", இது வீடு, என்று தொடங்கி, படிப்படியாகக் குர்ஆன் வாக்கியங்களுக்கு ஏற்றிச் செல்லும். எழுதியவர் வி. அப்துர் ரஹீம் (1933–2023), நம் வாணியம்பாடிக்காரர். மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பல நாட்டு மாணவர்களுக்கு அரபி கற்றுக்கொடுத்தவர். தாய்மொழி அரபி அல்லாத ஒருவர், அரபி அல்லாதவர்களுக்கு எங்கே தடுக்கும் என்று தெரிந்து எழுதியது என்பது ஒவ்வொரு பாடத்திலும் தெரியும். மூன்று பாகங்களையும் பயிற்சிகளோடு முடிக்காமல் வேறு பாடநூலுக்குத் தாவாதீர்கள்.

ஆறாம் படி: சிறிய சூராக்களிலிருந்து, சொல்லுக்குச் சொல்

மதீனா புத்தகத்தின் முதல் பாகம் முடிந்ததும், அதைத் தொடர்ந்துகொண்டே, குர்ஆனின் முப்பது ஜுஸ்உகளில் (பகுதிகளில்) கடைசிக்குப் போங்கள். ஏற்கனவே மனப்பாடமாக இருக்கும் சூராக்களை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் வேர், வார்ப்பு, ஈறு எழுதுங்கள். குர்ஆனில் 77,000-க்கும் மேல் சொற்கள் வந்தாலும் திரும்பத் திரும்ப வருபவைதான் அதிகம். சொல்லுதல் என்ற காஃப், வாவ், லாம் வேர் மட்டும் 1,700 தடவைக்கும் மேல் வருகிறது. விடையைச் சரிபார்க்க, லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான குர்ஆனிக் அரபிக் கார்பஸ் என்ற இணையதளம் ஒவ்வொரு சொல்லின் இலக்கணத்தையும் இலவசமாகத் தருகிறது. அப்புறம் தஃப்ஸீர் ஜலாலைன் என்ற குர்ஆன் விரிவுரை. சொல்லுக்குப் பக்கத்திலேயே எளிய அரபியில் பொருள் சொல்வதால் அரபியிலிருந்தே அரபி கற்கலாம்.

இங்கே கவனம் வேண்டிய ஓர் இடம் உண்டு. இன்றைய அரபி தெரிந்தவர்கள் பழைய நூலில் வழுக்கி விழும் இடம் அதுதான். ஸய்யாரா என்றால் இன்று கார். யூசுஃபைக் கிணற்றில் கண்டெடுத்தவர்களைக் குர்ஆன் (12:19) ஸய்யாரா என்கிறது, பொருள் பயணக் கூட்டம். தர்ரா என்றால் இன்றைய அறிவியல் பாடத்தில் அணு. 99-வது சூராவில் "மிஸ்கால தர்ரதின்" என்பதைப் பழைய விரிவுரையாளர்கள் சிற்றெறும்பு அல்லது காற்றில் மிதக்கும் தூசித் துகள் என்றார்கள். இதில் அணு அறிவியலைத் தேடுவது மொழிக்குச் செய்யும் அநீதி.

லபன் என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் அருகில் பாருங்கள். குர்ஆனில் (16:66) கால்நடையின் வயிற்றிலிருந்து வரும் தூய பால் லபன். கெய்ரோவில் இன்றும் லபன் கேட்டால் பால். டமாஸ்கஸில் கேட்டால் தயிர். துபாய் சூப்பர் மார்க்கெட்டில் லபன் என்று எழுதிய பாட்டிலை வாங்கினால் மோர், பாலுக்கு அங்கே ஹலீப். ஐஷ் என்பதும் அப்படித்தான். மூலப்பொருள் வாழ்வு, பிழைப்பு. குர்ஆனில் (101:7) "ஈஷதின் ராளியா" என்றால் மனநிறைவான வாழ்வு. எகிப்தியர்களுக்கு ஐஷ் என்றால் ரொட்டி, வளைகுடா மக்களுக்குச் சோறு. எதை உண்டு உயிர் வாழ்ந்தார்களோ அதற்கு அந்தப் பெயர்.

ஆகவே அகராதியும் இரண்டு வகை வேண்டும். ஹான்ஸ் வேர் அகராதி இக்கால எழுத்து அரபிக்கானது. குர்ஆன் சொற்களுக்கு ராகிப் அல்இஸ்ஃபஹானியின் முஃப்ரதாத், பழைய அரபிக்கு இப்னு மன்ளூரின் லிஸானுல் அரப். இரண்டையும் குழப்பினால் ஸய்யாராவில் நடந்ததுதான் நடக்கும்.

ஏழாம் படி: ஒரே ஒரு பேச்சு வழக்கு

இப்போது தெருவுக்கு வரலாம். ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். போகப்போகிற ஊரின் வழக்கு எதுவோ அது. ஊர் எதுவும் முடிவாகவில்லை என்றால் எகிப்து வழக்கு, ஏனென்றால் சினிமா வழியாக அது மற்ற அரபு நாடுகளுக்கும் பழகிப்போனது. இரண்டு வழக்குகளை ஒன்றாகத் தொடங்கினால் இரண்டும் அரைகுறை.

வேறுபாடு எவ்வளவு என்பதற்கு "இப்போது" என்ற ஒரே சொல் போதும். ஃபுஸ்ஹாவில் அல்ஆன. கெய்ரோவில் தில்வஃதி, டமாஸ்கஸில் ஹல்லஃ, பாக்தாதில் ஹஸ்ஸ, துபாயில் அல்ஹீன், காசாபிளாங்காவில் தாபா. "வேண்டும்" என்பதற்கு ஃபுஸ்ஹாவில் உரீது, கெய்ரோவில் ஆயிஸ், டமாஸ்கஸில் பித்தீ, வளைகுடாவில் அப்கா, மொராக்கோவில் ப்கீத். கடைசி இரண்டும் ஒரே வேர். குர்ஆனில் (6:164) "அகைரல்லாஹி அப்கீ ரப்பன்", அல்லாஹ் அல்லாத இறைவனையா நான் தேடுவேன், என்ற இடத்தில் அந்த வேர் இருக்கிறது. ரியாத் கடையில் "அப்கா மோயா", தண்ணீர் வேண்டும், என்று கேட்கிறவர் அந்தப் பழைய வினையைத்தான் பயன்படுத்துகிறார்.

பொருள் தலைகீழாகும் சொற்களும் உண்டு. மாஷி என்றால் எகிப்தில் "சரி", மொராக்கோவில் "அல்ல". சிரியாக்காரர் "யஃதீக் அல்ஆஃபியே", உனக்கு அல்லாஹ் நலம் தரட்டும், என்று வாழ்த்துவார். மொராக்கோவில் ஆஃபியா என்றால் நெருப்பு. அங்கே போய் இந்த வாழ்த்தைச் சொல்லாதீர்கள்.

ஃபுஸ்ஹா தெரிந்தவருக்குப் பேச்சு வழக்கு எளிதாக வருவதற்கு ஒலி மாற்றங்களின் ஒழுங்குதான் காரணம். ஆழ்ந்த காஃப் கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் வெறும் ஹம்ஸாவாகும், கஹ்வா அங்கே அஹ்வா. வளைகுடாவில் அது "அங்கே" என்பதின் க ஆகும். சாதாரண காஃப் வளைகுடாவில் பல சொற்களில் ச்ச ஆகும். நாய் என்ற கல்பு ச்சல்ப் ஆகிவிடுவதால் அங்கே இதயத்தோடு குழப்பமே இல்லை. ஜீம் குவைத்திலும் அமீரகத்திலும் ய ஆகும், மஸ்ஜித் அங்கே மஸ்யித். பல்லுக்கிடையில் வரும் ஸா எகிப்தில் த ஆகும், ஸலாஸா அங்கே தலாத்தா. வளைகுடா அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆனால் ளாத், ழா இரண்டும் அங்கே ஒன்றாகக் கலந்துவிட்டன. அதனால் ஓதலின் ளாதைத் தெருவில் கேட்டுக் கற்காதீர்கள், அதற்கு உஸ்தாத்தான் சரி.

இலக்கணத்தில் எதிர்மறையைக் கவனியுங்கள். ஃபுஸ்ஹாவில் லம், லன், லா, மா என்று பல எதிர்மறைச் சொற்கள். பேச்சு வழக்குகள் பெரும்பாலும் மா ஒன்றைப் பிடித்துக்கொண்டன. எகிப்தியர்கள் வினையின் கடைசியில் ஒரு ஷ் சேர்ப்பார்கள். எதிர்காலத்துக்குக் கெய்ரோவில் ஹ, டமாஸ்கஸில் ரஹ், மொராக்கோவில் காதீ. இவை மூன்று வாரத்தில் காதுக்குப் பழகும்.

எட்டாம் படி: கலப்பு அரபியிலிருந்து வெளியே வருதல்

வளைகுடாவில் நம்மவர்கள் பேசும் அரபி பெரும்பாலும் அரபியரின் பேச்சு வழக்குகூட அல்ல. பல நாட்டுத் தொழிலாளர்களும் முதலாளிகளும் தங்களுக்குள் புரியவைக்க உண்டாக்கிக்கொண்ட கலப்பு மொழி அது. "அனா மாஃபி மாலூம்", எனக்குத் தெரியாது. மஃலூம் என்பது நான்காம் படியில் பார்த்த "அறியப்பட்டது". மாஃபி என்றால் "இல்லை". ஒட்டிப் பார்த்தால் வாக்கியமே நிற்காது, ஆனால் அதில்தான் வேலையும் சம்பளமும் நடக்கிறது. அந்த மொழியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஊர் தெரியாத இடத்தில் ஒரு தலைமுறையின் பிழைப்பைத் தாங்கியது அது. ஆனால் அதிலிருந்து நூல்களுக்கு நேர்ப்பாதை கிடையாது.

வெளியே வர, நீங்கள் தினமும் சொல்லும் கலப்பு வாக்கியங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் அந்த ஊர் அரபியர் தங்களுக்குள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். "மாஃபி மாலூம்" என்ற இடத்தில் அவர்கள் "மா அத்ரீ" என்பார்கள். அதை எழுதிவிட்டு குர்ஆனில் 46-வது சூராவின் 9-வது வசனத்தைத் திறந்து பாருங்கள்: "வமா அத்ரீ மா யுஃப்அலு பீ", எனக்கு என்ன செய்யப்படும் என்று நான் அறியேன். எழுத்துப் பிசகாமல் அதே சொற்கள். வாரம் நாலைந்து வாக்கியம் இப்படி மாற்றினால் பேச்சும் நூலும் ஒரே நேரத்தில் வளரும்.

எகிப்து வழக்கை எடுத்தவர்களுக்கு இந்த வேலையைச் செய்துவைத்தவர் ஷேக் முஹம்மத் முத்தவல்லி அஷ்ஷஃராவி (1911–1998). தொலைக்காட்சியில் குர்ஆன் விரிவுரை செய்யும்போது வசனத்தை ஃபுஸ்ஹாவில் ஓதிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுவதுபோல எகிப்துப் பேச்சில் விளக்குவார். பதிவுகள் இணையத்தில் ஏராளம். ஏற்கனவே சொல்லுக்குச் சொல் படித்த சூராவின் விரிவுரையை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை சும்மா கேளுங்கள். இரண்டாம் தடவை ஐந்து நிமிடத் துண்டுகளாக நிறுத்தி, அவர் ஃபுஸ்ஹாவிலிருந்து பேச்சுக்கு இறங்கும் இடங்களில் எந்தச் சொல் எதுவாக மாறியது என்று நோட்டில் இரண்டு பத்திகளாக எழுதுங்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் இதையே ஜும்ஆவில் செய்யலாம். குத்பாவை ஃபுஸ்ஹாவாகக் கேட்டுவிட்டு, தொழுகை முடிந்து வெளியே நிற்பவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். புரியாத சொல் ஒன்றை அவர்களிடமே கேட்டால் சந்தோஷமாகச் சொல்லித்தருவார்கள். அன்றிரவே அதன் வேரை முஃப்ரதாத்தில் தேடிப் பாருங்கள்.